இரண்டு கிலோ என்று சொன்ன கேமரா

சின்னவள் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அவள் வாயிலிருந்து அவை வரவே வராது.

பஸ் கிளம்பி அடுத்த நிறுத்தம் வருவதற்குள் வாந்தி எடுக்கிற குழந்தையாக இருந்தவள், இன்று மலைப்பாதை பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டே போகிறாள். பெண்பிள்ளை என்றால் கல்லாவில் உட்காரலாம், போட்டோவைக் கத்தரித்து உறையில் போடலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த ஒரு ஸ்டூடியோவில் அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். நின்றாள் என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். உயரம் போதாததால் ஒரு மர முக்காலியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே முக்காலி.

"ஏய் முக்காலி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வந்தாச்சு, ஏறு!" என்று முதலாளி சத்தம் போடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். சில வருஷம் கழித்து வாடிக்கையாளர்களே உள்ளே நுழையும்போது, "முக்காலி இருக்காங்களா? அவங்க எடுத்தாத்தான் என் மூக்கு மூக்கா இருக்கு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதையும் வெற்றிக் கணக்கில் சேர்க்கலாம்.

பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். ஓய்வு பெற்ற பத்திரிகைப் போட்டோகிராபர் ஒருவர், ஐந்தாறு ஆண்கள் நடையாய் நடந்து கேட்டும் தராத தன் பெரிய கேமராவை, நீள லென்ஸோடு சேர்த்து இவளிடம் கொடுத்தார். கடைசியாக, படப் புத்தகங்கள் போடுகிற ஓர் அலுவலகம், சொந்தக் கார் வைத்திருந்த போட்டோகிராபர்களை விட்டுவிட்டு, பஸ்ஸில் போகிற இவளிடம் ஒரு பாலத்தைப் படம் பிடித்து வரும் வேலையைக் கொடுத்தது.

அந்த வேலைக்காக அவள் எதையும் செய்திருப்பாள். ஸ்டூடியோவில் அவள் எடுத்த எந்தப் படத்திலும் அவள் பெயர் கிடையாது. பின்பக்கம் முதலாளியின் ரப்பர் ஸ்டாம்ப் விழும், அத்தோடு சரி. புத்தக அலுவலகத்தில் வழக்கம் வேறு. படத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஓரத்தில் எடுத்தவர் பென்சிலால் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துதான் புத்தகத்திலும் அச்சாகும். அங்கே சுவரில் அப்படிப்பட்ட படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. முதல் நாள் போனபோது சின்னவள் அவற்றின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பார்த்தது படங்களை அல்ல, கையெழுத்துகளை.

பாலத்தைப் பொழுது சாயும் நேரத்தில் எடுக்க வேண்டும். வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும்போதே பாலத்து விளக்குகள் எரிய வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு கேமராவின் கண்ணை அரை நிமிஷமாவது திறந்து வைத்திருக்க வேண்டும். அதுவரை கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. ஸ்டூடியோவில் இருந்த இரும்பு ஸ்டாண்டை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்துவார்கள். பஸ்ஸில், தோள்பையில் கொண்டுபோக மடக்குகிற மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும். ஆனால் அது அந்தக் கனத்த கேமராவைத் தாங்கவும் வேண்டும்.

"ஒரு முக்காலி வாங்கணும்மா" என்றாள் வீட்டில்.

"வீட்லதான் ரெண்டு கிடக்குதே. ஒண்ணைத் தூக்கிட்டுப் போ" என்றாள் அம்மா.

"அது உக்கார்ற முக்காலி. இது கேமராவை நிக்க வைக்கிற முக்காலி."

"ஏன், உன் கேமராவுக்குக் கால் வலிக்குதாமா?"

பெரியவள், அதாவது அவளுடைய அக்கா, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சிரித்தாள். அந்த வீட்டின் தொழில் அது. விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாங்கி வந்து, துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பது. பெரியவள் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். கேமராவை லென்ஸ் மாட்டியபடியே ஒரு தலையணை உறைக்குள் போட்டு, மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டாள்.

"மூணே முக்கால் கிலோ. கடையில கேட்டா இதைச் சொல்லு. அப்புறம், வாங்கறதுக்கு முன்னாடி கேமராவை அதுமேல வச்சுப் பாரு. செருப்பு வாங்கறப்போ கால்ல போட்டுப் பாக்கறோம்ல?"

"எனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும். செய்வியான்னுதான் தெரியாது."

இங்கே அந்தக் குடும்பத்தின் நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா அந்தக் காலத்தில் துணி மூட்டைகளை பஸ்ஸில்தான் கொண்டுபோவாள். மூட்டை கனமாக இருந்தால் கண்டக்டர் தனி டிக்கெட் போடுவார். அதனால் அவர் "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டதும் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், பாதியைச் சொல்வாள். இடுப்பு ஒடியும் மூட்டையை, காற்றடைத்த பை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தூக்குவாள். கூடப் போகிற பிள்ளைகளும் அப்படியே முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எடை கேட்டால் குறைத்துச் சொல்வது அந்த வீட்டில் பொய்யில் சேர்த்தி இல்லை. தும்மல் மாதிரி, தானாக வரும்.

கேமராக் கடையில் அன்று நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் வழுக்கைத் தலை விற்பனையாளர் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். சின்னவளுக்குப் பின்னால், கல்லூரிப் பிள்ளைகள் போல இரண்டு பேர், உள்ளங்கைக்குள் அடங்குகிற பளபளப்பான கேமராக்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லு தங்கச்சி, என்ன வேணும்?"

"பஸ்ல கொண்டுபோற மாதிரி சின்ன ஸ்டாண்டு வேணும் அண்ணே."

அவர் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று மடக்கினால் முழங்கை நீளம்தான் இருந்தது. காலை இழுத்தால் குழாய்க்குள் குழாயாக வந்துகொண்டே இருந்தது, கடைசிக் குழாய் பென்சில் தடிமன். நடுவில், கேமராவை இன்னும் உயர்த்துவதற்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பி. இரண்டாவது கொஞ்சம் நீளம், கால்கள் தடியாக இருந்தன. மூன்றாவது பையில் அடங்காது.

"கேமரா கொண்டாந்திருக்கியா? மேல வச்சுப் பாத்துடலாம்."

கேமரா அவள் தோளில் தொங்கிய துணிப்பைக்குள்தான் இருந்தது. அதன் பக்கவாட்டில் சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தது. தோள்வாரைப் பெரியவள் பழைய படுக்கை விரிப்பின் கரையை மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். விரிப்பில் விடுதிக்காரர்கள் மையால் எழுதியிருந்த அறை எண் அதில் இன்னும் அழியாமல் தெரிந்தது. பின்னால் நின்றவர்களில் ஒருவன் எதற்கோ சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தானா, அவனுடைய போனைப் பார்த்துச் சிரித்தானா, யாருக்குத் தெரியும்? அவள் துணிப்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

"இல்லண்ணே, வீட்ல இருக்கு."

"பரவால்ல. லென்ஸோட எவ்வளவு எடை வரும்?"

"ரெண்டு கிலோ இருக்கும்."

தும்மல் வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"அப்படின்னா இதுவே போதும்" என்று அவர் முழங்கை நீள ஸ்டாண்டை அவள் பக்கம் நகர்த்தினார். "பெட்டியில அஞ்சு கிலோன்னு போட்டிருக்கான். அதை அப்படியே நம்பிடாத. காலு அஞ்சு தாங்கும், மேல இருக்கிற உருண்டைத் தலை தாங்கணுமே? பாதிக்கு மேல ஏத்தாம இருந்தா நல்லது. உன்னுது ரெண்டுதானே, தாராளமா நிக்கும். எங்க, கொஞ்சம் இப்படி வந்து பக்கத்துல நில்லு, உன் உயரத்துக்கு எவ்வளவு இழுக்கணும்னு..."

"வேணாம்ணே. நடுக்கம்பியை ஏத்திக்கிட்டா சரியாப் போயிடும்."

உயரத்தை அளக்க அந்த இருவரின் முன்னால் போய் நிற்க அவளுக்கு உடம்பு கூசியது. ஒரு வார்த்தையில் திருத்திவிட்டிருக்கலாம், 'அண்ணே, நாலு கிலோகிட்ட வரும்' என்று. வாய் வரை வந்தது. 'அப்போ ரெண்டுன்னு ஏன் சொன்ன?' என்று அவர் கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

"வச்சுப் பாத்தியா?" என்றாள் பெரியவள்.

"பாத்தேன்."

பாலம் இருந்த ஊருக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். ஆற்றுக்கு இந்தக் கரையில், படகுத் துறைப் படிக்கட்டில் இடம் பார்த்தாள். மூன்று காலையும் கடைசிக் குழாய்வரை இழுத்தாள், நடுக்கம்பியையும் ஏற்றினாள், கேமராவைப் பூட்டினாள். எதிர்க்கரைக் கோபுரத்தைச் சேர்த்துக்கொள்ள லென்ஸைக் கொஞ்சம் மேலே நிமிர்த்தி, திருகை முறுக்கினாள். விளக்குகள் எரிந்தன. வானம் அவள் மனதில் நினைத்திருந்த அதே நீலத்தில் நின்றது. பொத்தானை அழுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டாள்.

திரையில் வந்த படத்தில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வால் இருந்தது.

மறுபடி முறுக்கினாள், விரல் வெள்ளையாகும் வரை முறுக்கினாள். கேமராவின் மூக்கு, பஸ்ஸில் தூங்கி வழிகிற ஆளின் தலை மாதிரி, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தூக்கி நிறுத்தினாள், மறுபடி இறங்கியது. லென்ஸுக்கு அடியில் தோளைக் கொடுத்தாள், அவள் மூச்சுக்கு அது ஆடியது. படகுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, உங்க ஸ்டாண்டு பாலத்துக்குக் கும்பிடு போடுது!"

படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வது? நீலம் போய் வானம் கறுத்தது. கையிலிருந்த பணம் அன்றைக்கே திரும்பும் பஸ்ஸுக்குத்தான் சரியாக இருந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தவளுக்கு, பல வருஷத்துக்குப் பிறகு, வயிற்றைப் புரட்டியது.

புத்தக அலுவலகத்தின் ஆசிரியர் அம்மாள் காகிதம் பறக்கும் என்று மின்விசிறி போடாதவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, அவள் அச்சுப் போட்டுக் கொண்டுவந்த படத்தை மேஜையில் விரித்து, நெற்றிமேல் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

"என்னம்மா இது, விளக்குக்கெல்லாம் வால் முளைச்சிருக்கு?"

"ஸ்டாண்டு சரியில்ல மேடம்" என்றாள் சின்னவள். "கடையில தப்பானதைக் குடுத்துட்டாங்க."

"எந்தக் கடை? நம்பர் இருக்கா? குடு."

அவள் எதிர்பார்க்கவில்லை. ரசீதில் இருந்த எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேஜையில் வைத்துவிட்டார் அம்மாள். எடுத்தவர் அந்த வழுக்கைத் தலைக்காரர்தான், குரலிலேயே தெரிந்தது. அம்மாள் விட்டு விளாசினார். உங்க ஸ்டாண்டால ஒரு பொண்ணோட வேலை கெட்டது, என் புத்தகம் தள்ளிப்போகுது, ஏமாத்தறதுக்கு ஒரு அளவில்லையா. அவர் பதறிப்போய், "மேடம், எந்த ஸ்டாண்டு... ஆமா, ஒரு தங்கச்சி வந்தது..." என்று ஆரம்பித்ததும், பக்கத்திலிருந்து இன்னொரு குரல் குறுக்கே பாய்ந்தது. கடை முதலாளி. வயதில் சின்னவன், குரலில் தெரிந்தது.

"யாருக்குய்யா தப்பா குடுத்தீங்க? வயசாச்சுன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே? ஏன் என் கடை பேரைக் கெடுக்கறீங்க?"

"இல்ல தம்பி, ரெண்டு கிலோன்னுதான் அந்தத் தங்கச்சி சொல்லிச்சு. நான் கேட்டுத்தான்..."

"ஆமா, எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருங்க!"

அம்மாள் நிமிர்ந்தார். "ரெண்டு கிலோதானே?"

சின்னவள் மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கேமராவைக் குடு."

துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டேப், படுக்கை விரிப்புத் தோள்வார், அறை எண், எல்லாம் வெளியே வந்தன. ஒரு கையால் வாங்கிய அம்மாளின் கை சடக்கென்று மேஜைவரை இறங்கியது.

"அம்மாடி! இதுவா ரெண்டு கிலோ?"

போனில் அந்தப் பெரியவர் இன்னும் மெதுவான குரலில் முதலாளிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவளுக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. நாற்பதை நெருங்குகிற பெண், மூட்டைக்கு டிக்கெட் போட வந்த கண்டக்டர் முன்னால் நிற்கிற குழந்தை மாதிரி நின்றாள்.

"மூணே முக்கால் மேடம்" என்றாள். பிறகு போனுக்கு அருகில் குனிந்து, சத்தமாக, "அண்ணே, உங்க மேல தப்பில்ல. நான்தான் குறைச்சுச் சொன்னேன். கேமரா அப்போ என் பையிலதான் இருந்துச்சு. வெளிய எடுக்க வெக்கமா இருந்துச்சு, அதான் வீட்ல இருக்குன்னு சொன்னேன். முதலாளி சார், அவரைத் திட்டாதீங்க."

வழுக்கைத் தலைக்காரரின் குரல் வந்தது. "சரி தங்கச்சி. கேமராவோட வா. இந்தத் தடவை வச்சுப் பாத்துடலாம்." போனை வைத்துவிட்டார்.

அம்மாள் வால் முளைத்த படத்தை அவள் பக்கம் திருப்பி, ஒரு பென்சிலை அதன்மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு."

"இதுலயா மேடம்?"

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன? எடுத்தவங்க கையெழுத்து இல்லாம எந்தப் படமும் இந்த ரூமை விட்டுப் போகாது. குப்பைக் கூடைக்குக்கூட."

கிண்டலா, தண்டனையா, அலுவலக வழக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கையெழுத்துகளைப் பார்க்காமல் குனிந்து போட்டாள். பெயரின் கடைசி எழுத்து ஓரத்தை விட்டு இறங்கிப்போனது.

"இன்னொரு தடவை போய்ட்டு வா. பஸ் காசு உன்னுது" என்றார் அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே. "படத்தையும் எடுத்துட்டுப் போ. என் கூடை நிரம்பியாச்சு."

அன்றைக்கே கடைக்குப் போனாள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அண்ணன் மட்டும் கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, டேப்பையும் தோள்வாரையும் பார்த்துவிட்டு, தடித்த கால் ஸ்டாண்டின் மேல் பூட்டினார். லென்ஸின் நுனியில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"காத்திருக்கேன். தலை இறங்குதான்னு பாக்கணும்ல?"

இறங்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் பொறுமையில்லாமல் கனைத்தார்கள். அவளுக்கு மறுபடி முதுகு கூசியது, ஆனாலும் நகரவில்லை. அவர் நடுக்கம்பியை முழுக்க இறக்கிவிட்டு, "இப்போ கிட்ட வந்து பாரு" என்றார். போய் நின்றாள். கேமராவின் கண் சரியாக அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம்.

"நெட்டையா இருக்கிறவங்க இந்தச் சின்ன ஸ்டாண்டுக்கெல்லாம் நடுக்கம்பியை ஏத்தித்தான் ஆகணும். ஏத்தினா ஆடும். உனக்கு அந்தத் தொல்லை இல்ல. இதை அன்னிக்கே சொல்லலாம்னுதான் பக்கத்துல வந்து நிக்கச் சொன்னேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்கண்ணே" என்று ஸ்டாண்டின் காலைப் பார்த்துச் சொன்னாள். அவர் பழைய ஸ்டாண்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தார். "பையை விட்டு நாலு விரக்கடை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், பரவால்லயா?" என்று மட்டும் கேட்டார்.

பரவாயில்லை என்றாள்.

அந்தப் பாலத்தின் படம் இப்போது புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடக்கிறது. விளக்குகள் குண்டூசித் தலைகள் மாதிரி குத்திட்டு நிற்கின்றன. அலுவலகச் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள். யாராவது வந்து, "நீங்க முதல்ல கையெழுத்துப் போட்ட படம் எதுங்க?" என்று கேட்டால், சின்னவள் அதைத்தான் காட்டுவாள். கேட்டவர்களும் நம்பிப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

பெரியவள் அப்படி விடமாட்டாள். கிழித்துப்போட என்று தங்கை எடுத்து வந்த வால் முளைத்த படத்தை அவள் பிடுங்கிக்கொண்டு, ஓரம் மடங்காமல் அட்டையில் ஒட்டி, இஸ்திரி மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். அவள் கிளம்பச் செருப்பை மாட்டியதும் அக்கா மறுபடி இந்தப் பக்கம் திருப்புவாள். "ஏன்க்கா என் மானத்தை வாங்கற?" என்று அவள் கத்துவது தெருவரை கேட்கும். கத்தட்டும். அந்தப் படத்தின் கீழே, கடைசி எழுத்து வழுக்கி இறங்கிய அந்தப் பென்சில் கையெழுத்துக்குப் பக்கத்தில், பெரியவள் அது போட்ட நாளின் தேதியை எழுதி வைத்திருக்கிறாள்: 2017 பிப்ரவரி 23.